இரண்டாம் தட்டில் நான்காவது புட்டி

நவம்பர் 8, வெள்ளி

இன்று நான் சொல்லாமல் விட்டது: அது என் அப்பாவின் பெயர்.

நூலக வேலைக்காக வடக்கு ஜப்பானின் இந்தத் துறைமுக ஊர் ஹாச்சினொஹேவுக்கு வந்து ஏழு மாதம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு கடை என்று இந்த ஊரின் குடிச்சந்துகளை ஒவ்வொன்றாகச் சுற்றுகிறேன். இன்று செட்சு அக்காவின் கடை. எட்டே இருக்கைகள். கேட்காமலே முன்னால் வைத்த சின்னக் கிண்ணத்தில் கணவாயும் முள்ளங்கியும். தின்றபடி அலமாரியைப் பார்த்தேன். வாடிக்கைக்காரர்கள் வாங்கி, பாதி குடித்து, வைத்துவிட்டுப் போன ஷோச்சு சாராயப் புட்டிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் அவரவரே பெயர் எழுதிய அட்டை. இரண்டாம் தட்டில் இடமிருந்து நான்காவது: இவாபுச்சி தெத்சுரோ.

அதே கையெழுத்து என் முதல் வகுப்புக் குடையின் கைப்பிடியில் இருந்தது.

"என்னம்மா, புட்டியையே மொறைக்கிற? கடிக்காது, பயப்படாத" என்றார் பக்கத்து இருக்கைக்காரர், முடிதிருத்தும் ஓனோதெரா.

"சும்மா பார்த்தேன்" என்றேன்.

சும்மா!

நவம்பர் 9

பதினேழு வருடம். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா என்னை செண்டாய் நகரத்துக்குக் கூட்டிப்போய்த் தன் குடும்பப் பெயரை எனக்கு வைத்தாள். அதன்பின் அப்பாவைப் பார்த்ததில்லை; இது அவர் பிறந்த ஊர் என்று மட்டும் தெரியும். இந்த ஊர் நூலகம் பிடித்துப்போய் வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். என்னிடமும்.

நவம்பர் 22, வெள்ளி

அடுத்த கடைக்குப் போகவில்லை. திரும்ப அங்கேதான்.

யாருடைய புட்டி என்று கேட்பது அங்கே முறையல்ல. அதனால் சுற்றி வளைத்து, ஒரு புட்டியை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"மூணு மாசம். அதுக்கு மேல ஆள் வரலன்னா எல்லாருக்கும் ஊத்திக் காலி பண்ணிடுவேன்" என்றார் செட்சு அக்கா.

"போன வருஷம் ஒருத்தன் போய்ச் சேந்துட்டான்னு நெனச்சு அவன் புட்டியக் கண்ணீரோட குடிச்சோம். மறுநாள் சாயங்காலம் வந்து நிக்கிறான்!" என்றார் ஓனோதெரா.

"அழுதது ஒரு தரம். வாங்கிக் குடிச்சது மூணு தரம். நீதான்யா" என்றார் அக்கா அவரிடம்.

சிரித்தேன். பிறகு அலமாரியைப் பார்த்தேன். நான்காவது புட்டியின் தோளில் தூசி.

"ரெண்டாம் தட்டுக்கு மட்டும் கெடு கிடையாது" என்றார் அக்கா, கேட்காமலே. "அது படகுக்காரங்க தட்டு. கணவாய்ப் பிடிப்பு முடிஞ்சு பிப்ரவரியிலதான் கரைக்கு வருவாங்க."

இருக்கிறார். கடலில் இருக்கிறார்.

டிசம்பர் 6

போகவில்லை. பனி என்று சாக்கு.

டிசம்பர் 15

அம்மா தொலைபேசியில் பேசினாள். புட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றி லேசாக ஆரம்பித்ததுமே, "ஒரு தரமாவது உன்னைத் தேடினாரா அவர்?" என்றாள். எப்போதும் இந்த ஒரு கேள்விதான். எப்போதும் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் தேடினேனா? ஒன்பது வயதில் முடியாது, சரி. இருபத்தாறில்?

ஜனவரி 17, வெள்ளி

"இத்தன தரம் வர்ற. கோப்பை கோப்பையா வாங்கறதுக்கு ஒரு புட்டியே வெச்சுக்கயேன்" என்று செட்சு அக்கா அட்டையையும் பேனாவையும் என்முன் வைத்தார்.

அந்தக் கடையில் யாரும் பெயரோ வேலையோ கேட்பதில்லை. இத்தனை நாளும் நான் 'வெள்ளிக்கிழமைப் பொண்ணு'தான். பேனாவைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ. அம்மாவின் குடும்பப் பெயரை எழுதினால் அது யாரோ. கடைசியில் அப்பா வைத்த பெயரை மட்டும் எழுதினேன். நாகிசா.

"வெறும் பேரா? சினிமாக்காரியா நீ?" என்றார் ஓனோதெரா.

அக்கா அட்டையை வாங்கிப் படித்தார். ஒரு முறை என்னைப் பார்த்தார். இரண்டாம் தட்டில் ஒரு புட்டியைத் தள்ளி, நான்காவதுக்குப் பக்கத்தில் என்னுடையதை வைத்தார்.

"அது படகுக்காரங்க தட்டுல்ல?" என்றார் ஓனோதெரா.

"உன் வேலையப் பாரு. மீன் ஆறுது."

எங்கே வைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

ஜனவரி 18

அப்படியென்றால் அந்தப் பெயர் அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த எட்டு இருக்கைகளில் ஏதோ ஒன்றில் உட்கார்ந்து, அப்பா அதைச் சொல்லியிருக்கிறார்.

சொல்லியிருக்கிறார்!

பிப்ரவரி 14, வெள்ளி

படகுகள் வந்துவிட்டன. கடை வாசலில் தொங்கும் துணிக்கு வெளியே நின்றேன். உள்ளே புதிய குரல்கள், பெரிய சிரிப்பு. எது அவருடையது என்று எனக்குத் தெரியவில்லை. குரல்கூட மறந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டேன். கோழை.

பிப்ரவரி 21, வெள்ளி

அவர் இல்லை. ஆனால் நான்காவது புட்டியில் தூசி இல்லை. அட்டையில் அவர் பெயருக்குக் கீழே புது மையில் இன்னொரு பெயர். என்னுடையது. குடைக் கைப்பிடியில் எழுதிய அதே கை.

"அட்டையில பேரு இருந்தா கேக்காமலே ஊத்திக்கலாம். தெரியுமில்ல?" என்றார் செட்சு அக்கா.

"என் புட்டியிலிருந்து அவர் குடிச்சாரா?"

"அதுல அவர் பேரு இல்லையே. எடுத்துத் தொடச்சாரு. அப்புறமும் தொடச்சாரு. கண்ணாடி தேஞ்சிடும்யான்னேன்."

ஓனோதெரா தன் சூப்புக் கிண்ணத்தின் மேல் குனிந்துகொண்டார். நான் பேனாவைக் கேட்டு வாங்கி, என் அட்டையிலும் அவர் பெயரை எழுதினேன்.

"நாளைக்கு அஞ்சரைக்கு வருவாரு" என்றார் அக்கா. "நீ வெள்ளிக்கிழமைப் பொண்ணு. சனிக்கிழமையும் கதவு தொறக்கும்."

பிப்ரவரி 22, சனி

கதவு நகர்ந்தது. வழக்கம்போல் எல்லோரும் உடம்பை ஒடுக்கி ஓர் இருக்கை நகர்ந்தார்கள். காலியான இடம் என் இடப்பக்கம். அவர் அதில் உட்கார்ந்தார். சின்னதாகிவிட்டார். அல்லது நான் வளர்ந்துவிட்டேன்.

பக்கத்தில் ஆள் இருக்கும்போது இங்கே யாரும் தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதில்லை. நான் அவருக்கு ஊற்றினேன். அவர் எனக்கு ஊற்றினார். கொஞ்சம் மேசையில் சிந்தியது.

"இந்த வருஷம் கணவாய் கம்மி" என்றார்.

"அப்படியா" என்றேன்.

நான் படித்த நாவல்களில் இந்த இடத்தில் யாராவது அழுவார்கள். நாங்கள் ஏழு மணிவரை கணவாயைப் பற்றிப் பேசினோம். எழுந்து போகும்போதுதான், "குடை இருக்கா? வெளியில பனி" என்றார்.

பிப்ரவரி 23

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "இளைச்சிருக்காரா?" என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

நான் போனபோது அப்பா முன்னதாகவே வந்து, பக்கத்து இருக்கையில் தன் தொப்பியை வைத்திருந்தார். எட்டு இருக்கைக் கடையில் இடம் பிடிப்பது தவறு என்று ஓனோதெரா இரண்டு முறை சொன்னாராம். நான் வரும்வரை அப்பா தொப்பியை எடுக்கவில்லை.