துபாய்–சென்னை, நடுவில் ராகு

வெள்ளி
ஆவணி பிறந்தும் வெயில் குறையவில்லை. தம்பி செல்வத்தின் டிக்கெட்டை என் ஜெராக்ஸ் கடையிலேயே பிரிண்ட் எடுத்தேன். துபாய், ஞாயிறு இரவு 9.50. சென்னை, திங்கள் விடியற்காலை 3.25. கழித்தால் ஐந்தரை மணிக்கு மேல். என் பாப்பா பிறக்கும் முன் அவன் போன டிக்கெட்டையும் தேடி எடுத்தேன். மூன்று மணிகூட இல்லை! அதே 2,900 கி.மீ.தானே? போன் போட்டுக் கேட்டேன்.

“யக்கா, இங்க கடியாரம் ஒன்ற மணி பின்னாடி. போக வர ரெண்டுமே நாலு மணி சொச்சந்தான்.”

கடல் தாண்ட நாலு மணி. சென்னையிலிருந்து எங்கள் செஞ்சிக்கு பஸ்ஸிலும் நாலு மணி. அம்மாடி!

சனி
வாங்க: தேங்காய் 5, வெற்றிலை, மொட்டைக்குச் சந்தனம், ஆசாரிக்கு வேட்டி.

பாப்பாவின் காதுகுத்து ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. செ.வுக்கு லீவு இல்லை. மாமியார் இன்றும் ஆரம்பித்தார்: “இந்த தபாவும் தாய்மாமன் வர்லன்னா, எம் மருமவன் மடியில ஒக்கார வெச்சி குத்திட வேண்டிதான்.” சிரித்துவைத்தேன். மருமகன் என்றால் என் நாத்தனார் புருஷன். முகூர்த்தம் திங்கள் 9.15–10.15.

ஞாயிறு
புழுக்கம். காலையில் அம்மா போனைப் பிடுங்கி, நாலரையிலிருந்து ஆறு ராகுகாலம், ரூமை விட்டுக் கிளம்பாதே என்றாள்.

“நம்ம ஊரு ராகுவா, துபாய் ராகுவா?” செ. சிரித்தான்.

அம்மா யோசிக்கவே இல்லை. “இங்க முட்ச்சிட்டுதான் அங்க வருவான். ரெண்டுலயும் கெளம்பாத.”

பேப்பரில் போட்டுப் பார்த்தேன். இங்கே ஆறுக்கு முடிகிற அதே நிமிடம் அங்கே நாலரை! விமானத்துக்கு நாலு மணி ஆகிற தூரம், ராகுவுக்கு ஒரு எட்டு. அம்மா படித்தது அஞ்சாவது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

பாவம் செ. நம் நாலரை அங்கே மூணு; அதற்குள் கிளம்ப வேண்டும் என்று இரண்டரைக்கே வெளியேறிவிட்டான். ஏர்போர்ட்டில் காத்திருப்பு, பறப்பதைவிட அதிகம்.

திங்கள், மதியம்
அவலூர்பேட்டை பக்கம் குலசாமி கோயில். விடியும் முன் மெசேஜ்: ‘எறங்கிட்டேன்’. 9.15, ஆளில்லை. போன் சுவிட்ச் ஆஃப். 9.40, மொட்டை முடிந்து சந்தனம் பூசியாயிற்று. மாமியார் தன் மருமகனை மணையில் உட்காரவைத்தார்.

9.55. ஆட்டோ. பெட்டியோடு ஓடிவந்தான். ராத்திரி துபாயில் நின்றவன், இதோ என் எதிரில்! அழுதுவிட்டேன். மாமியாரே மணையைக் காலி பண்ணச் சொன்னார்.

பாப்பா வரவில்லை. என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். “மாமா போன்லதான் இருக்குது. இது யாரு?”

செ. முகம் செத்துப்போயிற்று. ஆசாரி மணி பார்த்தார். பத்து ஐந்து.

செ. போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. என் வீட்டுக்காரரின் போனை வாங்கி என் போனுக்கு வீடியோ கால் போட்டான். அவன் முகம் வந்ததும் பாப்பாவுக்கு ஒரே சிரிப்பு. என் போனை அவள் கையில் கொடுத்து, அவளைத் தூக்கி மெல்ல அவன் மடியில் வைத்தேன். முதுகு அவன் பக்கம். கவனிக்கவே இல்லை.

செ. கையை நீட்டி இருவரும் தெரிகிற மாதிரி தன்னிடமிருந்த போனைப் பிடித்தான்.

“மாமா, ஒம் மடியில மொட்ட பாப்பா யாரு?”

கேட்டுக்கொண்டே தன் தலையைத் தடவினாள். போனில் இருந்த மொட்டையும் தடவியது. சந்தனக் கையைப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பி, அண்ணாந்தாள்.

“மாமா... வந்துட்டியா?”