நடு முறைத் தண்ணீர்

கீழ்பென்னாத்தூர்,
மாசி 25, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தங்கை நந்தினிக்கு,

அண்ணன் அருணகிரி எழுதுகிறேன். நானும் உன் அண்ணி வேதாவும் பிள்ளைகளும் இங்கே சுகம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க அண்ணாமலையார் துணை நிற்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை. அங்கே உட்கார்ந்து காயில் கம்பிச் சுருளையும் காந்தத்தையும் மறுபடி மறுபடி சோதித்துப் பார்ப்பதை இன்றோடு நிறுத்து. நேற்று போனில் இதைச் சொன்னதற்கு, காரணம் சொல்லாம சரி சரின்னா எப்படிண்ணா, என்ன நடந்துச்சுன்னு விவரமா எழுதுங்க என்றாய். போனில் என்றால் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். இன்ஜினியர் ஆன பிறகு அந்தப் பழக்கம் இன்னும் ஜாஸ்தி. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் கம்பெனி கேட்ட படிவமும் இதோடு இருக்கிறது. கிணற்றுப் பங்காளிகள் மூன்று பேரும் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால், சோதித்துப் பார்க்கக் கொடுத்த சோலார் மோட்டாரைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் படிவம்தான். கையெழுத்து விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் நடந்ததைப் படிக்காமல் அங்கே தாவாதே.

மோட்டாரை மாட்ட வந்த உங்கள் ஆட்களைப் பற்றி உன்னிடம் முழுசாகச் சொல்லவே இல்லை. போகியும் பௌர்ணமியும் ஒன்றாக வந்த நாளில் யாராவது திருவண்ணாமலைக்கு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வருவார்களா? வேங்கிக்கால் தாண்ட முடியாமல் காலையிலிருந்து அங்கேயே நின்றுவிட்டார்கள். போன் செய்து, சார், இங்க என்ன ஏதாவது மாநாடா என்று ஒருவன் கேட்கிறான். கிரிவலம்டா தம்பி, மாசா மாசம் வரும் என்றேன். பிறகு நானே போய் மோட்டார் பெட்டியை மட்டும் என் வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் உருட்டிக்கொண்டே வந்தேன். பெட்டியில் என்னப்பா என்று கேட்டவர்களிடமெல்லாம் என் தங்கச்சி செஞ்ச மோட்டார் என்றேன். எட்டுப் பேர் சேர்ந்து செய்தோம் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்த எட்டுப் பேரை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் காலை ஏழேகாலுக்கு ஓடினதை நீ பார்த்திருக்க வேண்டும். ஏரிக்கரைப் புளியமரத்துக்கு மேலே சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. இந்த வெயிலுக்குத் துணியே காயாது, தண்ணியா வரும் என்று நம் கிணற்றுப் பங்காளி பரசுராமன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து ஊரில் சாதாரண மோட்டாருக்கு சோலார் தகடு மாட்டினவர்கள் ஒன்பது மணி வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, அதைப் பார்த்துவிட்டு வந்தவர். கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தது. குழாய் இருமினது, பிறகு தண்ணீர் வந்தது. மெல்லத்தான் வந்தது, ஆனால் நிற்காமல் வந்தது. சாதாரண மோட்டார் உள்ளே சுற்றுகிற பாகத்தைக் காந்தமாக்கவே கொஞ்சம் கரண்டைத் தின்றுவிடும், உன் மோட்டாரில் காந்தத்தையே உள்ளே பதித்திருக்கிறது, அதனால்தான் இளம் வெயிலுக்கே சுற்றுகிறது என்று நீ எனக்கு மூன்று தடவை சொன்னாய். நான் அதை ஊரில் முந்நூறு தடவை சொல்லிவிட்டேன். இப்போது நான் டீக்கடைக்குள் நுழைந்தால் நாலு பேர் எழுந்து போகிறார்கள்.

இன்னொரு பங்காளி ஜோதியம்மாள் சித்தி கிணற்றுப் படியில் இறங்கி மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஜுரமே இல்லாத மோட்டார இப்பதாண்டா பாக்கறேன் என்றது. பழைய அஞ்சு எச்பி மோட்டார் கொதிக்கிற கொதியில் கோடைக்கு ஒருமுறை காயில் எரிந்து, அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்க் காத்துக் கிடப்போமே. இந்த மூன்று எச்பி அந்த வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை, நந்தினி. சந்தோஷத்தில்தான். வெளியில் காட்டிக்கொள்ளாமல் மடை திறக்கப் போய்விட்டேன்.

இனிமேல்தான் தப்பு வருகிறது. நம் கூட்டுக் கிணற்றில் முறை எப்படி என்று உனக்குத் தெரியும். கரண்ட் மோட்டார் காலத்திலிருந்தே ஆளுக்கு மூன்று மணி நேரம். ஏழிலிருந்து பத்து பரசுராமன் அண்ணனுக்கு, பத்திலிருந்து ஒன்று நமக்கு, ஒன்றிலிருந்து நாலு ஜோதியம்மாள் சித்திக்கு. கிணறு தோண்டத் தாத்தா இடம் கொடுத்ததால் நடு முறை நம் வீட்டுக்கு என்று வைத்தார்கள். அப்போது அது ஒரு மரியாதைதான். கரண்ட் எந்த மணிக்கும் ஒரே மாதிரி ஓடும், மூன்று மணி நேரம் என்றால் மூன்று பேருக்கும் ஒரே தண்ணீர். சோலார் மோட்டார் வந்த பிறகும் ஒருத்தரும் யோசிக்காமல் அதே முறையை அப்படியே வைத்துக்கொண்டோம். வெயில் கடிகாரம் பார்த்து ஒரே அளவாகவா அடிக்கும்? காலையில் கம்மி, உச்சியில் ஜாஸ்தி. உச்சி வெயில் முழுக்க என் முறையில் வந்து விழுந்தது.

பொங்கல் முடிந்து விதைத்த வேர்க்கடலை மாசியில் பூவெடுத்து விழுது இறங்க ஆரம்பித்தது. மண் காய்ந்தால் விழுது உள்ளே இறங்காது, காய் பிடிக்காது. என் கடலைக் கொல்லையில் கடைசிப் பாத்தி வரைக்கும் ஈரம். பரசுராமன் அண்ணன் கொல்லையில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லை. அவர் பார்த்தார், கணக்குப் போட்டார், தப்பாகப் போட்டார். கன்ட்ரோலருக்குள் சிம் கார்டு இருக்கிறது, கம்பெனி அங்கிருந்தே மோட்டாரைப் பார்க்க முடியும் என்று பெருமைக்கு அவரிடம் சொன்னது நான்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அருணகிரி தங்கச்சி புனேல உக்காந்துக்கினு அண்ணன் முறை வந்தா ஏத்தி உடறா, என் முறை வந்தா எறக்கி உடறா என்று கீழ்பென்னாத்தூர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், மோட்டாரைக் கழட்டிக்கினு போகட்டும் என்றார். நானும் விடவில்லை. கிணற்று மேட்டில் இரண்டு பேரும் கத்தின கத்தலில் ஏரிக்கு அந்தப் பக்கம் களை எடுத்தவர்கள் வந்துவிட்டார்கள். என் தங்கச்சிய பத்தி இன்னொரு வார்த்த பேசுன, நடக்கறதே வேற என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் எனக்கு முன்னமே தெரியும். மோட்டார் ஓடின முதல் வாரத்திலேயே தெரியும். பதினோரு மணிக்கு வாய்க்கால் நிரம்பி வழிவதையும், காலையில் அதே வாய்க்காலில் தண்ணீர் கணுக்காலைக்கூட நனைக்காததையும் பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இந்தத் தண்ணி பாய்ச்சி முடியட்டும், அடுத்த தண்ணி முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். நல்லதுதானே நடக்குது, நாமா கேட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் பெயர் கடைத்தெருவில் அடிபட்டபோதுகூட வாய் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் நடு முறை போய்விடுமே.

இந்தப் பேச்சு உன் காதுக்கும் எட்டி, போன செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தாய். உன் குரல் சரியாக இல்லை. என் மோட்டார்ல எங்கயோ தப்பு இருக்குண்ணா, மூணு நாளா டெஸ்ட் பேப்பரெல்லாம் மறுபடி எடுத்துப் பாக்கறேன், ஒண்ணும் புரியல என்றாய். அது ஒன்றும் இருக்காதும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். வேதா பக்கத்திலேயே இருந்தாள். உங்க தங்கச்சி செஞ்சதுல தப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியுமில்ல, அப்புறம் ஏன் அந்தப் பொண்ண தவிக்க உடறீங்க என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை காலையில் நானே பரசுராமன் அண்ணன் வீட்டுக்குப் போய், வாங்க, அளந்து பாத்துடலாம் என்று கூப்பிட்டேன். ஜோதியம்மாள் சித்தியும் வந்தது. மூன்று பேரும் காலை ஏழிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் கிணற்றை விட்டு நகரவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை சிமெண்ட் தொட்டியைக் காலி செய்து, அது நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று போனில் பார்த்து எழுதினோம். ஏழரைக்கு இருபது நிமிஷம். ஒன்பதுக்குப் பதினொன்று. பன்னிரண்டு மணிக்கு ஐந்தே நிமிஷம். மூன்று மணிக்கு ஒன்பது. பரசுராமன் அண்ணன் அன்றைக்குப் பூராவும் ஒரு கண்ணை என் கைமேலும் ஒரு கண்ணைக் கன்ட்ரோலர் மேலும் வைத்திருந்தார். பத்து மணிக்கு என் முறை ஆரம்பித்தபோது தண்ணீர் திடீரென்று ஏறவில்லை. காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெயிலோடுதான் ஏறினது. அதைத் தன் கண்ணால் பார்த்த பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பொண்ணு மேல சும்மா பழி சொல்லிட்டேனே என்றார்.

நான் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு முன்னமே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சித்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேண்டாம் விடு. இனிமேல் நடு முறை நம் வீட்டுக்கு மட்டும் இல்லை, தினமும் முறை மாறட்டும், இன்றைக்கு முதல் ஆள் நாளைக்கு நடுவில், மறுநாள் கடைசியில், மூன்று நாளில் எல்லோருக்கும் சமம் என்றேன். என் முறை அன்னைக்கு மேகம் போட்டா என்று பரசுராமன் அண்ணன் கேட்டார். அதுக்கும் நந்தினிதான் காரணம்னு சொல்லுவியா என்று சித்தி கேட்டது. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். வெள்ளிக்கிழமையிலிருந்து புது முறை நடக்கிறது. அவர் கொல்லையில் நேற்று கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டது.

படிவத்தில் மூன்று கையெழுத்தும் விழுந்துவிட்டது. முதலில் போட்டது பரசுராமன் அண்ணன். மோட்டார் இங்கேதான் இருக்கும். மோட்டாரில் கண்ட குறைகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் கையால் இப்படி எழுதியிருக்கிறேன்: மோட்டாரில் குறை இல்லை. தண்ணீரைப் பங்கு போட்டதில்தான் குறை. நடு முறைக்காரன் தெரிந்தும் பேசாமல் இருந்தான், இப்போது திருத்திக்கொண்டான். கூட்டுக் கிணற்றுக்கு இந்த மோட்டாரைக் கொடுக்கும் முன்னால் முறை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரங்க படிக்கற காகிதத்துல இதெல்லாம் எதுக்கு என்றாள் வேதா. படிக்கட்டும். உன் மேலதிகாரி படித்துவிட்டு, இந்த மோட்டாரைச் செய்த பெண்ணின் ஊரில் இவ்வளவு நுணுக்கமாகச் சோதிக்கிறார்களா என்று அசந்து போகட்டும். ஊருக்குள் இப்போது உன் பெயர் எப்படி இருக்கிறது தெரியுமா? பரசுராமன் அண்ணனே கடைத்தெருவில் ஆளைப் பிடித்து நிறுத்திக் காந்தம், இளம் வெயில் என்று விளக்கம் சொல்கிறார். என்னைவிட நன்றாகச் சொல்கிறார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். புது முறை பேசி முடித்து எழுந்தபோது பரசுராமன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நடு முறைய உட்டுக் குடுத்தது சரிடா, ஆனா அதுல பாதி உன் தங்கச்சியோடதாச்சே, அவள ஒரு வார்த்த கேட்டியா என்றார். சண்டைக்காகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அந்தப் பத்திரம்தான் நினைவுக்கு வந்தது.

அப்பா காரியம் முடிந்த மூன்றாம் மாதம், பத்திரப் பதிவு ஆபீஸில் நிலத்தில் உனக்குப் பங்கு வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தைச் சொல்கிறேன். நீ படிக்கக் கண்ணாடியை எடுத்தாய். பஸ்ஸுக்கு நேரமாச்சு, எல்லாம் சரியாத்தான் இருக்கு, இங்க போடும்மா என்று நான்தான் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியை மறுபடி பைக்குள் வைத்துவிட்டுப் போட்டாய். அதற்கப்புறம் நீ ஊருக்கு வருவது குறைந்தது. வேலை என்றாய், குழந்தை என்றாய். நானும் நம்பினவன் மாதிரியே இருந்துவிட்டேன்.

பத்திரம் எழுதுகிற கோதண்டராமனிடம் நேற்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நிலத்தில் பாதியும் கிணற்று முறையில் பாதியும் உன் பெயருக்கு. வேதாவுக்கும் சம்மதம், அவள்தான் என்னை அனுப்பினாள். நீயும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். சித்திரையில் குழந்தைக்கு லீவு விட்டதும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, அண்ணன் கேட்டுக்கொள்கிறேன். ஊரே பார்க்க உன் மோட்டாரை உன் கையாலேயே ஓட்டு. மறுநாள் பதிவு ஆபீஸுக்குப் போகலாம். அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகாது. கண்ணாடியைப் போட்டுக்கொள், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படி. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ நீடூழி நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டு,
உன் பெயரைச் சொல்லி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரியும் அண்ணன்,
அருணகிரி.