இரண்டாவது இலை

அனந்தபுரத்தில் அம்மா வீட்டில் இருக்கும் கோபக்காரிக்கு,

நீ போனை எடுக்காததால் இந்தக் கடிதம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு காலையில் நாம் பொங்கல் சாப்பிடும் ஓட்டலுக்கு நேற்று முதல்முறையாக ராத்திரி சாப்பாட்டுக்குப் போனேன். பரோட்டாவைப் பிய்க்க இரண்டு கையும் போதவில்லை. குருமாவில் காலைச் சாம்பாரின் வாசனை.

சர்வர் வழக்கம்போல் இரண்டு இலை போட்டுவிட்டு, "அம்மா வரலியா சார்?" என்றார்.

"அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருக்கா" என்றேன்.

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். கோட்டை மலைக்கு மேல் முழு நிலா.

"அமாவாசை போயி பதினஞ்சு நாளாவுது சார். இன்னுமா பஸ்ஸு கெடைக்கல?"

அனந்தபுரத்திலிருந்து ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கிறதாம். சர்வர் கேட்டாரே என்றுதான் விசாரித்தேன்.

இப்படிக்கு,
இனி பரோட்டாவோடு மட்டுமே சண்டை போடவிருக்கும்
உன் வீட்டுக்காரன்