கையால் இழுத்தால் உறுமுகிறது, காலால் மிதித்தால் முனகுகிறது

ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடியே வீடு வந்து சேரும் என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது. காலாண்டு விடுமுறை முழுவதும் நான் ஒருவரையும் நம்பவில்லை அப்பா. மணி சித்தப்பாவை நம்பவில்லை. அனிபா பாயை நம்பவில்லை. அம்மாவைக்கூட நம்பவில்லை.

எல்லாம் நம் பெரிய வண்டியால் வந்தது. உங்களுக்குப் பிறகு சித்தப்பாதான் அதை ஓட்டுகிறார். சென்னை விமான நிலையத்துக்குப் போகும் உங்கள் பழைய சவாரிகள் இன்னும் வருகின்றன. பிரான்சில் இருக்கும் சொல்தா வீட்டு மதாம், பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் மனைவி, டிசம்பருக்கு இப்போதே போன் செய்துவிட்டார். "அதே வண்டிதான் வேணும், என் மூட்டுக்கு அந்த சீட்டுதான் தோது" என்றார். பிறகு, "உங்க அப்பா மாதிரி நிதானமா யாரும் ஓட்ட மாட்டாங்க" என்றார். அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

அந்த வண்டி ஓடினால்தான் நம் வீடு ஓடும். இது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் வண்டி இழுக்கவில்லை. மிதித்தால் யோசிக்கிறது. ஒருநாள் பின் சீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சித்தப்பா ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்; ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணி முடித்த பிறகுதான் என் முதுகு சீட்டில் சாய்கிறது. நீங்கள் ஓட்டும்போதும் இப்படித்தான் இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஓட்டும்போது நான் எப்போதும் புத்தகத்துக்குள் இருந்தேன். பயப்பட ஒன்றும் இல்லாததால் எதையும் கவனிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் சித்தப்பா வாசலில் நின்றபடியே சொன்னார்: "அண்ணி, எஞ்சின் போச்சு. நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடுன வண்டி, இதுக்கு மேல அதுகிட்ட என்னா எதிர்பாக்குறது? வித்துடலாம்."

அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "நீ சொன்னா சரிதான் தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கத்தரிக்காய் வாங்கவே பத்துக் கேள்வி கேட்கிற அம்மா!

மறுநாளே சித்தப்பாவோடு ஒரு புரோக்கர் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார், டயரை உதைத்தார், "ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்கிறேன்" என்றார். பானட்டைத் திறக்கவே இல்லை. பானட்டைத் திறக்காமல் வண்டி வாங்குகிறவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா அப்பா? எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்கு யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்கள் என்று நான் முடிவு செய்துவிட்டேன். யார் சொல்லியிருப்பார்கள்? ஒரே ஒருவர்தானே அவரை அழைத்து வந்தார்?

விற்பதற்கு முன்னால் ஒரு தடவை அனிபா பாயிடம் காட்டலாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். உங்கள் மெக்கானிக், உங்கள் சிநேகிதர். அவராவது உண்மை சொல்வார் என்று நினைத்தேன். சித்தப்பாவோடு நானும் தட்டாஞ்சாவடியில் இருக்கும் அவர் பட்டறைக்குப் போனேன். டேஷ்போர்டில் இருந்த வண்டிப் புத்தகத்தை முதல்நாளே அகராதியை வைத்துக்கொண்டு படித்திருந்தேன். இழுவை குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியவை என்று அதில் ஒரு பக்கம் இருக்கிறது.

"ஏர் ஃபில்டர் பாத்தீங்களா பாய்?" என்றேன்.

"பாக்கப் போறேன்."

"டீசல் ஃபில்டர்?"

பாய் சித்தப்பாவைப் பார்த்தார். "என்னா மணி, எஞ்சினியர கூட்டிக்கினு வந்திருக்க?"

ஏர் ஃபில்டரைத் தட்டியபோது ஒரு கைப்பிடி புழுதி விழுந்தது. காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற தடித்த ரப்பர் குழாயைப் பாய் வளைத்துக் காட்டினார். அடிப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிசல். "சும்மா இருக்கும்போது தெரியாது பாப்பா. மிதிக்கும்போதுதான் வாய தொறக்கும். காத்தெல்லாம் இந்த வழியா ஓடிப்போச்சுன்னா டீசல் எப்படி எரியும்? பின்னாடி கரும்பொகை வந்திருக்குமே?" என்றார். வந்திருந்தது. அதை நான் குறித்தும் வைத்திருந்தேன்.

குழாயையும் இரண்டு ஃபில்டரையும் மாற்றினார். மூன்று எண்ணிக்கை ஒன்றாகக் குறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்தபோது வண்டி பாதியிலேயே அடங்கிவிட்டது. சித்தப்பா கடைசிவரை மிதிக்கிறார், பஸ் எங்களை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. "பாத்தியா? நான்தான் சொன்னேனே" என்றார். அதில் வருத்தம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று நான் அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். நிம்மதி மாதிரிதான் இருந்தது.

மூன்றாம் நாள்தான் அதைக் கண்டுபிடித்தேன். பாய் பானட்டுக்குள் குனிந்து, ஆக்சிலேட்டர் கேபிள் வந்து சேருகிற இடத்தில் இருக்கும் சின்ன இரும்பு நாக்கைக் கையால் இழுத்தார். எஞ்சின் பட்டறையே அதிரும்படி உறுமியது. அப்படி ஒரு சத்தத்தை அந்த வண்டியிடம் நான் கேட்டதே இல்லை. உடனே சித்தப்பாவிடம், "நீங்க உள்ள உக்காந்து முழுசா மிதிங்க" என்றேன். மிதித்தார். முனகியது.

"பாய், கையால இழுத்தா உறுமுது, கால்ல மிதிச்சா ஏன் முனகுது?"

பாய் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துடைப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத கையை அவ்வளவு நேரம் ஏன் துடைக்க வேண்டும்? "கேபிள் லூசா இருக்கும். நாளைக்கி பாக்கலாம். நீ போயி டீ குடி பாப்பா" என்றார். நான் டீ குடிப்பதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த மூன்று நாளில் எத்தனை தடவை அவர் என்னை நிழலுக்குப் போகச் சொன்னார், தண்ணீர் குடிக்கப் போகச் சொன்னார், வீட்டுக்கே போகச் சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். சித்தப்பா, புரோக்கர், பாய். மூன்று பேரும் ஒன்று. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர்கள் முன்னால் அழவில்லை.

சனிக்கிழமை காலை, வண்டி நம் வீட்டு வாசலில் நின்றபோது, டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டுக்கு முன்னால், பெடல்கள் இருக்கும் இடத்தில் தலையை விட்டேன். கால்மிதியைத் தூக்கினேன். ஆக்சிலேட்டர் பெடலுக்கு நேர் கீழே ஒரு ரப்பர்த் துண்டு. பழைய டயரில் வெட்டியது. ஓரங்களைத் தேய்த்து, இரண்டு போல்ட் போட்டுத் தரையோடு முடுக்கியிருந்தது. பெடலைக் கையால் அமுக்கினேன். பாதி தூரம் போய் அந்த ரப்பரில் மெத்தென்று நின்றுவிட்டது. எஞ்சின் போகவில்லை அப்பா. எஞ்சினைப் போக விடாமல் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன். "சித்தப்பா, பெடலுக்கு அடியில ரப்பர் கட்டை வச்சது நீங்கதான? எஞ்சின் போச்சுன்னு அம்மாவ நம்ப வைக்கத்தான?"

அம்மா என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். சித்தப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிசைந்த சோற்றைப் பார்த்தபடி, "என்னியவா சொல்ற?" என்றார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்க் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகம் வேறாக இருந்தது. அவருக்கும் தெரியாது என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரே பாய்க்குப் போன் போட்டார்.

பாய் ஸ்கூட்டரில் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "வச்சது நான்தான். வைக்கச் சொன்னது உங்க அப்பா."

பாய் தரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"சர்க்கரையில அவருக்குக் கால் மரத்துப் போச்சும்மா. 'எவ்ளோ மிதிக்கிறேன்னு காலுக்குத் தெரியல பாய், மீட்டர பாத்துதான் தெரிஞ்சிக்கிறேன்'னாரு. வண்டி தன்னால பறந்துடக் கூடாதுன்னு கட்டை வைக்கச் சொன்னாரு. டாக்டர பாருங்க, ஓட்டாதீங்கன்னு சண்ட போட்டேன். 'வீட்ல சொன்னீங்கன்னா உங்க பட்டறைப் பக்கமே வர மாட்டேன்'னுட்டாரு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மூணு நாளா இத யாருக்கும் தெரியாம கழட்டிடலாம்னுதான் பாக்குறேன். நீ எங்க விட்ட? டீ குடின்னா குடிக்க மாட்ட, நிழல்ல உக்காருன்னா உக்கார மாட்ட. சிஐடி மாதிரி தலைக்கு மேலயே நின்னியே."

சித்தப்பாவும் அப்போதுதான் வாயைத் திறந்தார். போன மாதம் காலாப்பட்டு தாண்டி, வண்டி நிறைய ஆட்களோடு ஒரு லாரியை முந்தப் போய், வண்டி இழுக்காமல், எதிரில் வந்த பஸ்ஸுக்கு மயிரிழையில் தப்பினாராம். "அண்ணன் வண்டி என் கையில ஏதாச்சும் ஆயிட்டா அண்ணி மூஞ்சில எப்படி முழிப்பேன்? அதான் வித்துடலாம்னேன்." அந்தப் புரோக்கர் வண்டியை உடைத்துப் பாகம் பாகமாக விற்கிறவராம். உடைக்கப் போகிறவர் பானட்டை எதற்குத் திறக்க வேண்டும்?

அம்மா ஏன் உடனே சரி என்றார் என்பதையும் அன்றுதான் சொன்னார். "அந்த வண்டிக் கதவ சாத்துற சத்தம் கேட்டா, அவருதான் வந்துட்டாருன்னு எழுந்து வாசலுக்குப் போயிடுறேன் பாய்." அதற்குப் பிறகு அம்மா கேட்ட ஒரே கேள்வி, "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்பது. அதைப் பாயிடம் கேட்கவில்லை. உங்கள் படத்தைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா, போன மழைக்காலத்தில் ஒருநாள் நீங்கள் ஒற்றைச் செருப்போடு கூடம்வரை நடந்து வந்தீர்கள், நினைவிருக்கிறதா? இன்னொரு செருப்பு தெருவிலேயே கழன்று கிடந்தது. அது கழன்றதே உங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எல்லோரையும்விட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். அதை நான் என் நோட்டில் வேடிக்கைச் செய்தி என்று எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான், அன்று மட்டும் ஏன் சந்தேகப்படவில்லை?

இப்போது என் சந்தேகம் எல்லாம் உங்கள் மேல்தான். மதாம் சொன்ன நிதானம் ஒரு டயர்த் துண்டின் நிதானமா? ஆக்சிலேட்டருக்குக் கட்டை வைத்தீர்கள், சரி. பிரேக்குக்கு என்ன வைத்தீர்கள்? மாரடைப்பு வந்த அந்தக் காலைப்பொழுதுக்கு முன்னால் நெஞ்சும் ஏதாவது சொல்லியிருந்ததா? அதையும் மறைத்தீர்களா? எங்களை நினைத்துத்தான் செய்தீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பின் சீட்டில் நான் இருந்தேனே, அப்பா.

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

பாய் அன்றே கட்டையைக் கழற்றி, கேபிளையும் சரியாக இழுத்துக் கட்டினார். காலாப்பட்டு வரை போனோம். சித்தப்பா மிதித்தார். "ஒன்று" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. "ஏய்!" என்று சித்தப்பா சின்னப் பையன் மாதிரி கத்தினார். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த புரோக்கர் டயரைக்கூட உதைக்காமல் திரும்பிப் போனார்.

சித்தப்பாவுக்கும் போன வருடம் சர்க்கரை என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் நர்சம்மாவிடம் கேட்டு ஒன்று கற்றுக்கொண்டேன். சவாரிக்குக் கிளம்பும் முன் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்ட வேண்டும். நான் விரல் நுனியால் ஒவ்வொரு கால்விரலையும் லேசாகத் தொடுவேன். எந்த விரல் என்று அவர் சொல்ல வேண்டும். "கூசுதுடி, விடுடி, பேசஞ்சர் காத்துக்கினு இருக்காங்க" என்று துள்ளுகிறார். அவர் துள்ளும்போதெல்லாம் எனக்கு அப்பாடா என்று இருக்கிறது.

அந்த ரப்பர்த் துண்டு என் மேசையில், அகராதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த வண்டியை யார் ஓட்டினாலும், அவர் காலைத் தொட்டுப் பார்க்காமல் சாவியைக் கொடுக்க மாட்டேன். ஒருநாள் நான் ஓட்டினாலும், என் காலை அம்மாவிடம் நீட்டுவேன். நன்றாக இருக்கிறேன் என்று யார் சிரித்துக்கொண்டே சொன்னாலும் நம்ப மாட்டேன்.

உங்களைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்ட,
உங்கள் மகள்
தேன்மொழி