மணி அடித்தாலும் எழ மாட்டேன்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நான் எழுதிய எட்டாம் வகுப்பு மாதிரித் தேர்வில் ஒரு கூத்து. பாதி நேரம் ஆனதும் மணி அடித்தார்கள். இங்கே நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் மணி அடித்தால் துணியை எடுக்க இயந்திரத்தை நோக்கி ஓட வேண்டும். பதற்றத்தில் அதே நினைப்பில் எழுந்து தாளைக் கொடுத்துவிட்டேன். பாதிக் கணக்கு போயிற்று.

“இந்த வயசுல எதுக்கு, விட்டுடு” என்றீர்களே, விட மாட்டேன். இப்போது வேலையில் மணி அடித்தால் பத்து மூச்சு எண்ணிய பிறகே எழுகிறேன்.

“என்ன பாட்டி, காது கேக்கலையா?” என்றாள் மேற்பார்வைக்காரி.

“நல்லாக் கேக்குதும்மா. பரீட்சைக்குப் படிக்கிறேன்.”

பீரோவிலுள்ள என் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழை அனுப்புங்கள். கூடவே கைப்பட நாலு வரி எழுதுங்கள். போனைச் சீக்கிரம் வைத்துவிடுகிறீர்கள்.

இதோ, மணி அடிக்கிறது. இன்னும் ஏழு மூச்சு பாக்கி.

உங்கள்
எட்டாம் வகுப்பு மாணவி