மொச்சை போட்ட கொத்துக்கறி சூப்பு

2024 நவம்பர் 9, சனி

இன்றும் மாமாவுக்குக் கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. சேலத்தில் தாடை ஆபரேஷன் முடிந்து வந்து மூன்று வாரமாகிறது. புண் ஆறுகிறது. ஆள்தான் கரைகிறார். கல் உடைத்த உடம்பு அது. இப்போது சட்டைக்குள் தோளைத் தேட வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பிரகாஷ் லாரியோடு நாக்பூர் பக்கம். "அப்பா சாப்ட்டாரா?" என்று போனில் கேட்டார். சாப்பிட்டார் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

நவம்பர் 10, ஞாயிறு

"உங்களுக்கு என்னதான் மாமா வேணும்?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். ஒரு பக்க வாயால் மெதுவாகச் சொன்னார்: "மாட்டுக்கறி."

சொல்லிவிட்டு அவரே, "வேணாம் வுடு. இந்த வூட்ல ஆவாது" என்றார்.

ஆகாதுதான். குடிவந்த அன்றே கீழே இருக்கிற வீட்டு ஓனர் சுகுணா அக்கா சொன்னது: "நாங்க மாடு கும்பிடறவங்க அமுதா. அதை மட்டும் இங்க ஆக்காதீங்க." சரியென்று தலையாட்டித்தான் சாவி வாங்கினோம். ஆசை வந்தால் பாப்பாரப்பட்டி அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவோம். அக்கா கெட்டவர் இல்லை. நாங்கள் சேலத்தில் கிடந்தபோது மாடியில் காய்ந்த துணியை மடித்து வைத்தது அவர்தான். அதனால்தான் இது கஷ்டமாக இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

கோழி சூப்பு வைத்துப் பார்த்தேன். நாலு வாய் குடித்துவிட்டு, "தண்ணிக்குப் பேரு வெச்ச மாதிரி இருக்குது" என்றார்.

நவம்பர் 14, வியாழன்

வேலை பார்க்கிற மருந்துக்கடையில் நின்றுகொண்டே நாள் முழுக்க இதே யோசனை. கறியாகக் கொடுத்தால் மெல்ல முடியாது. கொத்துக்கறியாக வாங்கி, மொச்சை சேர்த்துக் குழையக் குழைய வேகவிட்டால்? கரண்டியால் குடிக்கலாம், வயிறும் நிறையும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "இங்க ஆக்கித் தூக்குல குடுத்தனுப்பட்டா?" என்றாள். மாமாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து தடவை, சூடாகத் தர வேண்டும். சூடு பண்ணுவதும் இதே அடுப்பில்தானே என்றேன். "அப்ப சன்னல சாத்திக்க. சாம்பிராணி போட்டுக்க. ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

தெரியாதுதான். ஆனால் சாகக் கிடந்து எழுந்த மனுசனுக்கு ஒரு கிண்ணம் சூப்பு வைக்க நான் எதுக்குத் திருடி மாதிரி சன்னலைச் சாத்தணும்? முடியாது. என்னால ஆவாது.

நவம்பர் 15, வெள்ளி

கீழே போய்ச் சொல்லிவிட்டேன். சுகுணா அக்கா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சமைக்கப் போகிறேன், மாமா உடம்புக்காக என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு, "சொல்லாம செஞ்சிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார்.

"உங்ககிட்ட மறைச்சுச் செய்ய மனசு வரலீங்க அக்கா."

"எங்க வூட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாருங்க."

"தெரியுங்க."

திரும்பி மாடிப்படி ஏறினேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் திக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

சர்ச்சில் முதல் பூசை முடிந்து நேரே கறிக்கடை. கொழுப்பில்லாத தொடைக்கறியாகக் கேட்டு, இரண்டு தடவை அரைக்கச் சொன்னேன். முந்தின நாளே ஊறப்போட்ட மொச்சையைத் தோலுரித்து, குக்கரில் கட்டை விரலால் அழுத்தினால் மசிகிற பதத்துக்கு வேகவைத்தேன்.

முதலில் ஒரு தப்பு செய்தேன். கொஞ்சம் கறியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். உடனே கோலிக்குண்டு மாதிரி திரண்டுகொண்டது. மாமாவால் அதை விழுங்க முடியாது. அதை எனக்கு எடுத்துவைத்துவிட்டு, மீதிக் கறியைப் பச்சைத் தண்ணீரில் கையாலேயே கரைத்து, அப்புறம் அடுப்பில் ஏற்றி, கொதி வரும்வரை கிண்டிக்கொண்டே நின்றேன். தூள் தூளாகப் பிரிந்தது. நுரையை வழித்து ஊற்றிவிட்டு, வதக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, வறுத்து அரைத்த மல்லி சீரகம். புண் எரியும் என்று மிளகாய் போடவில்லை, மிளகும் பேருக்குத்தான். மொச்சையில் பாதியை மசித்து, பாதியை அப்படியே போட்டேன். கடைசியில் ஒரு கை ராகி மாவைக் கரைத்து விட்டதும் கரண்டியில் ஒட்டுகிற மாதிரி கெட்டியாக வந்தது.

சமையற்கட்டுச் சன்னல் இரண்டும் திறந்தே இருந்தன.

மாமா முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் விழுங்காமல் இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் விழுங்கினார். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே குடித்தார். வழித்துக் குடித்தார். "இன்னங் கொஞ்சம் இருக்கா?" என்றார்.

இருக்கு மாமா. சட்டி நிறைய இருக்கு.

கல்யாணத்துக்குப் பிறகு என்னென்னவோ சமைத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் நான் சமையல்காரி.

நவம்பர் 18, திங்கள்

சுகுணா அக்காவின் வீட்டுக்காரர் நஞ்சப்பன் அண்ணன் படியேறி வந்தார். சத்தம் போடவில்லை. "மாசக் கடைசியோட வேற வூடு பாத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான்.

பிரகாஷுக்குப் போன் செய்தபோது அழுகை வந்துவிட்டது. அவசரப்பட்டுட்டேனா என்று கேட்டேன். "அப்பா குடிச்சாரா?" என்றார். இரண்டு கிண்ணம் என்றேன். "அப்பறம் என்ன. வூடு தர்மபுரியில ஆயிரம் இருக்குது."

ஆயிரம் இருக்கிறது. தருவது எத்தனை பேர்?

நவம்பர் 24, ஞாயிறு

வாடகை போர்டு மாட்டிய வீடாகப் பார்த்து ஏறி இறங்கினேன். எங்கேயும் நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன் — "நாங்க மாட்டுக்கறி சமைப்போங்க." ஒரு வீட்டில், மகன் வெளியூரிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டைச் சாத்தினார்கள். முதல் தடவை சொன்னபோது குரல் இறங்கியது. அப்புறம் அப்புறம் இறங்கவில்லை.

சர்ச்சுக்குப் பின் தெருவில் சாலம்மாள் என்கிற அம்மா தனியாக இருக்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஆக்கிக்க. மோட்டார் போட்டா மறக்காம நிறுத்து, அது போதும்" என்றார். சின்ன வீடு. மேலே தகரம். வெயில் காலத்தில் வேகும். பரவாயில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

சாமான் ஏற்றும்போது சுகுணா அக்கா மேலே வந்தார். முறம் நிறையப் பச்சை மொச்சை, அவர்கள் காட்டில் பறித்தது. என் முகத்தைப் பார்க்காமல், "மாமாவுக்கு" என்றார்.

அன்றைக்கு அண்ணனிடம் எங்களுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே அக்கா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. மொச்சையை வாங்கிக்கொண்டேன். வாங்கியதில் நான் குறைந்துபோகவும் இல்லை.

டிசம்பர் 2, திங்கள்

பச்சை மொச்சை சீக்கிரம் வெந்தது. சூப்பு இன்னும் ருசி.

2025 ஜனவரி 20, திங்கள்

சேலத்தில் செக்கப். எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். "நல்லா ஏறியிருக்காரே. என்னம்மா குடுக்கறீங்க?" வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "மாட்டுக் கொத்துக்கறியும் மொச்சையும் போட்டு சூப்புங்க." "விடாம குடுங்க" என்றார்.

வெளியில் ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் புருசனுக்கும் இதே ஆபரேஷனாம். எப்படி வைப்பது என்று கேட்டாள். முதலில் கறியைப் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மாமா கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போது என் குரல் எனக்கே டீச்சர் குரல் மாதிரி கேட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிரகாஷ் வந்திருக்கிறார். அப்பனும் மகனும் போட்டி போட்டுச் சட்டியைக் காலி செய்துவிட்டார்கள். எனக்கு ஒரு சொட்டு வைக்கவில்லை. திட்டினேன். மனசுக்குள் சந்தோசம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலையில் வழக்கம்போல சூப்பு வைத்துக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோனேன். மாமா வெள்ளை வேட்டி கட்டி, தலை சீவி, கிளம்பி நின்றார்.

"இன்னிக்கி ஒருசந்தி. கறி கூடாது" என்றார்.

"சாமியாரு போன வாரமே பிரசங்கத்துல சொன்னாருங்க மாமா. சீக்காளிங்களுக்கு ஒருசந்தி கெடயாது."

மாமா வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், யாரையோ தேடுகிற மாதிரி. "இங்க யாரும்மா சீக்காளி?" என்றார்.

கிண்ணத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் எனக்காக நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கையை வீசிக்கொண்டு சர்ச்சுப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.