பாதி சுரண்டிய கம்பி

9-7-66, சனி

காலையிலேயே புழுக்கம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு முதல் பஸ். ஜன்னலோரம் கிடைக்கவில்லை. பல்வலி.

அண்ணாமலை நகரில் பயிற்சி. பொறியாளர்கள் ஐந்து பேர், சனிக்கிழமைதோறும் பள்ளி விஞ்ஞான ஆசிரியர்களுக்குக் கைவேலை சொல்லித்தருகிறார்கள். சம்பளம் கிடையாதாம். எதற்காக வருகிறார்கள்? நல்ல மனசு என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

இன்று சின்ன மோட்டார். டார்ச் செல் ஒன்று, இரு முனையிலும் ஒவ்வொரு ஊக்கு, ஊக்குகளில் தொங்கும் செம்புக் கம்பிச் சுருள், கீழே காந்தம். என்னுடையது சுற்றவில்லை. சந்தானம் என்று ஒரு இளைஞர், இருபத்தாறு வயதிருக்கும், கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க சிரமப்படாதீங்க மேடம்." திரும்பி நின்று ஏதோ செய்தார். சுற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

என்ன செய்தார் என்று கேட்கவில்லை. பி.எஸ்ஸி. பௌதிகம், இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

11-7, திங்கள்

பால் திரிந்துவிட்டது. காபி இல்லை.

தலைமையாசிரியைக்கு மோட்டாரைப் பார்த்ததும் ஒரே பூரிப்பு. வியாழன் இன்ஸ்பெக்ஷன். "மேஜை மேல வெச்சிடுங்க கமலா. பக்கத்துல ஒரு பொண்ணு நின்னு விளக்கம் சொல்லட்டும். மனப்பாடம் பண்ண வெச்சிடுங்க."

பத்தாம் வகுப்பில் காட்டினேன். மெஹருன்னிசா கேட்டாள்: "நீங்களே பண்ணீங்களா டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பல்லின் மேல் பழி போடலாம்.

12-7, செவ்வாய்

விடிந்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு சுருளைப் பார்த்தேன். கம்பி மேல் எனாமல் பூச்சு. சுரண்டினால்தான் மின்சாரம் போகும். இது எனக்குத் தெரியாது. கரும்பலகையில் நான் வரையும் கம்பிக்குப் பூச்சு கிடையாது.

ஒரு முனை முழுக்கச் சுரண்டியிருந்தது. மறுமுனை பாதிதான். அவசரத்தில் விட்டுவிட்டார் போல என்று மீதியையும் பிளேடால் சுரண்டினேன். அவ்வளவுதான். நடுங்குகிறது, சுற்றவில்லை.

பள்ளிக்கு நடக்கும்போது புரிந்தது. அரைச் சுற்றுக்கு மின்சாரம் ஓட வேண்டும், அடுத்த அரைச் சுற்றுக்கு நிற்க வேண்டும். அதற்குத்தான் பாதிப் பூச்சு. வருடாவருடம் மோட்டார் படத்தில் பிளந்த வளையம் என்று வரைந்து பாகம் குறிக்கச் சொல்வேனே, அதன் வேலை! தபால் ஆபீஸ் எதிரில் அப்படியே நின்றுவிட்டேன். சைக்கிள்காரன் கத்தினான்: "இன்னாம்மா, ரோட்ட வெலைக்கு வாங்கிட்டியா?"

13-7, புதன்

நாளை பெண்களே செய்யட்டும் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். ஊக்கு மூன்று டஜன். பிளேடு. பல்லுக்குக் கிராம்பு. வீட்டுக்காரம்மா: "இன்னா டீச்சர், இவ்ளோ ஊக்கு? யாருக்குக் கல்யாணம்?"

மாலை சந்தானம் பள்ளிக்கு வந்தார். பெட்டியில் ஆறு மோட்டார், எல்லாம் சுற்றுபவை. தலைமையாசிரியை சொல்லியனுப்பினாராம். "பொண்ணுங்க பண்ணா பாதி நின்னுடும் மேடம். உங்க பேருதான் கெடும்."

"நேத்து நான் பண்ணதும்தான் நின்னுது" என்றேன். ஏன் என்றும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. "அன்னிக்கே காட்டியிருக்கணும் மேடம். சுத்தினா போதும்னு இருந்துட்டேன்."

பெட்டியைத் திறந்தேன், மூடினேன். இன்ஸ்பெக்ஷன் ரிமார்க் மோசமானால் தலைமையாசிரியை சனிக்கிழமைப் பயிற்சியையே நிறுத்திவிடுவார். பயிற்சியில் கொடுத்த கம்பியும் செல்லும் காந்தமும் அலமாரிக்குள் போய்விடும். இந்த ஆறையும் வைத்தால் ரிமார்க் நன்றாக இருக்கும். பெண்கள் கைதட்டுவார்கள். என்னைப் போல.

ஒரு முடிவும் இல்லை. துணி மடித்தேன். மறுபடி மடித்தேன்.

14-7, வியாழன்

மேகம், மழை இல்லை.

பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வகுப்பில் முதல் வேலையாக, அந்த மோட்டாரைச் செய்தது நான் அல்ல என்று சொன்னேன். பின்பெஞ்சில் யாரோ: "எங்களுக்கு அப்பவே தெரியும்."

மூன்று பேருக்கு ஒன்றாகக் கம்பி, ஊக்கு, செல், காந்தம், பிளேடு. பாதி சுரண்டச் சொன்னேன், காரணமும் சொன்னேன். சந்தானமும் வந்திருந்தார், கதவருகே நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அம்மா நுழைந்தபோது பன்னிரண்டில் மூன்று சுற்றிக்கொண்டிருந்தன. ஒரே இரைச்சல். ஒருத்தியும் எழுந்து வணக்கம் சொல்லவில்லை. தலைமையாசிரியையின் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா மெஹருன்னிசாவின் மேஜை மேல் குனிந்தார். "உன்னுது ஏம்மா சுத்தல?"

அவள் நிமிரவே இல்லை. "அதத்தான் பாக்குறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

இன்ஸ்பெக்டர் அம்மா தள்ளி நின்றார்.